எல்லாருக்கும் ஒரே பச்சை

என் மூத்த மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. உன் தங்கச்சி குட்டி சுகம், நான் சுகம், அப்பாவுக்கும் உடம்பு சுகம்தான், ஆபரேஷன் செய்த டாக்டரே போன முறை வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு இனிமேல் என் பக்கம் வராதீங்க என்று சிரித்து அனுப்பினார். ஆனால் மனுஷன் குட்டியின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆமாம்மா, நீ சரியாகத்தான் படிக்கிறாய். பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு அப்பா வரமாட்டாராம். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன் என்கிறார், என்னவோ நம் வீட்டில் பொன்னும் பவளமும் கொட்டிக் கிடப்பதுபோல. இதை ஃபோனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நம் வீட்டில் இருப்பது இரண்டு அறை, இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே என்னாச்சு என்று கேட்பார்கள், அதிலும் ஃபோன் எந்நேரமும் குட்டி கையில். அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், மற்றவர்கள் எல்லோரும் வெளியே போன பிறகு, ஆஸ்பத்திரித் தையல் அறையில் துணி வெட்டும் மேசைமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேசையில் உள்ள கத்தரி வெட்டுகளைத் திட்டு.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உனக்கு விளங்கும். குட்டியைப் பற்றி உனக்குத் தெரியும், ஊரில் எது புதுசாக வந்தாலும் அது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து ஃபோனிலேயே குடியிருந்தாள். இப்போது கல்யாணம் என்றால் பளிச்சென்று எதுவும் இருக்கக் கூடாதாம், எல்லாம் மங்கலாக, வெயிலில் வெளுத்ததுபோல இருக்க வேண்டுமாம். பூ வேண்டாமாம், காய்ந்த புல் வைப்பார்களாம். நான் நம்பவில்லை, படத்தைக் காட்டினாள், நிஜமாகவே புல்தான். அவளும் மாப்பிள்ளையும் ரயில் பாதையோரம் போய்க் கட்டுக்கட்டாக அறுத்துக்கொண்டு வந்தார்கள், பாதிப் பேருக்குத் தும்மல், மீதிப் பேருக்கு அரிப்பு. ஜாம் பாட்டிலில் கயிறு சுற்றி விளக்கு, ஒன்றுக்கொன்று சேராத நாற்காலிகள், அட்டையில் கையால் எழுதிய பெயர்ப் பலகை, கொஞ்சமே கொஞ்சம் ஆட்கள், பத்திரிகை அச்சடிக்காமல் ஃபோனிலேயே அழைப்பு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை வருஷம் வேறு வழியில்லாமல் நாம் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் இப்போது ஸ்டைல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நம் கல்யாணங்களை எல்லாம் யாரோ எட்டிப் பார்த்துத்தான் காப்பியடித்திருக்கிறார்கள் என்றேன். குட்டி சிரிக்கவில்லை. அம்மா, அப்பாவுக்கு ஒரு காசு கடன் இல்லாம, ஆனா யாரும் பாவம்னு பாக்காத மாதிரி இந்தக் கல்யாணத்தைப் பண்ணிக் காட்டறேன் பாரு என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு புல்லை நானே உதறி வெயிலில் காயப்போட்டேன்.

போட்டோ எடுப்பவர் மாப்பிள்ளையின் சிநேகிதர், சாப்பாடு போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். ஒத்திகை என்று ஒரு நாள் எங்களை எல்லாம் பூங்காவுக்கு வரச் சொன்னார். இப்போது யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாதாம், தானாகச் சிரிப்பதுபோலச் சிரிக்க வேண்டுமாம். அப்பா, யாரையும் பாக்காம சும்மா சிரிச்சா போறவன் வர்றவன் என்னைப் பத்தி என்ன நெனப்பான் என்று கேட்டு எல்லோரையும் நிஜமாகவே சிரிக்க வைத்தார். நம் மாப்பிள்ளைக்குத் தொழில் பல் செட் செய்வது இல்லையா, யார் சிரித்தாலும் பாவம் அவர் கண் பல்லுக்குத்தான் போகிறது, சம்பந்தியம்மா அதைச் சொல்லிச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தார். அப்பா அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா. கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது எப்படி இருந்தாரோ அப்படி. ஆபரேஷனுக்குப் பிறகு அவரைக் கேட் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள் அல்லவா, அதிலிருந்து அந்தச் சிரிப்பு போயிருந்தது, அன்றைக்குத் திரும்பி வந்தது. அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன், அவருக்கு இந்தக் கல்யாணம் பிடிக்காமல் இல்லை, நீயும் அப்படி நினைத்துவிடாதே.

வினை எங்கே வந்தது என்றால் கலரில் வந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே கலரில் நிற்க வேண்டும், கல்யாணப் பெண் மட்டும் வெள்ளையில் நடுவே நிற்க வேண்டும், அதுதான் இப்போது எல்லோரும் செய்கிறார்களாம். என்ன கலர் என்று கேட்டால் ஒரு பச்சை. இலைப் பச்சையும் இல்லை கிளிப் பச்சையும் இல்லை, சாம்பலைக் கலந்தாற்போல ஒரு சோகைப் பச்சை, அதற்கு ஏதோ மூலிகையின் பெயரை வைத்திருக்கிறார்கள், என் வாயில் நுழையவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினோம். அந்தக் கலருக்கு இப்போது மவுசு என்பதால் அவனவன் சொல்கிற விலையைக் கேட்டால் நாம் பேசாமல் படியிறங்கத்தான் வேண்டும். குட்டி முகம் சுருங்கிப் போனது, சரிம்மா, கலரை விட்டுடலாம் என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். எனக்கு மனசு கேட்குமா? மறுநாள் வேலைக்கு வந்து மேசைமேல் துணியை விரித்தேன் பார், விரித்த கையோடு அப்படியே நின்றேன். அதே பச்சை. வருஷக்கணக்காக என் கையில் புரண்டுகொண்டிருக்கிற அதே பச்சை. ஆபரேஷன் தியேட்டருக்குத் தைக்கிற துணி. எங்களுக்குத் துணி போடும் வியாபாரியிடம் கேட்டேன், அவரிடம் ஓரத்தில் கறைபட்டு ஆஸ்பத்திரி வேண்டாமென்று திருப்பிய கட்டு ஒன்று இருந்தது, எடுத்துக்கோங்கம்மா, உங்க பொண்ணு கல்யாணத்துக்குன்னா நான் லாபம் பாக்கறதில்ல என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். கறையை ஒதுக்கி வெட்டினால் இரண்டு வீட்டாருக்கும் தாராளமாக வரும். நான் ஏதோ புதையல் எடுத்தவள் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

குட்டி அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள், படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நாலைந்து முறை கொதிக்க வைத்து அலசியதும் துணி மெத்தென்று ஆகிவிட்டது. ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கணுக்கால்வரை கவுன். எங்கே வாங்கினாய் என்று கேட்டாள், வியாபாரியிடம் என்றேன், பொய் இல்லையே. அவள் இந்தத் தையல் அறைக்கு ஒரு நாளும் வந்ததில்லை, அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று பரீட்சை எழுதப் போயிருந்தாள், அவளுக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரிய வேண்டாமா என்று நீ கேட்பாய். எனக்கு அது துணி, அவ்வளவுதான். ரொட்டி சுடுகிறவருக்கு மாவு மாதிரி. அதோடு இன்னொன்றும் நடந்தது. தியேட்டர் உடுப்புகளுக்குக் கைமுனை மடிப்பில் சிவப்பு நூலால் சின்னதாக இரண்டு தையல் போடுவோம், சலவையில் வார்டுத் துணியோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. கைப் பழக்கம், மெஷினை விட்டு இறக்கும்போதே விரல் தானாகச் சிவப்பு நூலைத் தேடிப் போய்விடும். கல்யாணச் சட்டைகளிலும் ஒன்று விடாமல் போட்டு வைத்திருக்கிறேன், போட்டதே எனக்குத் தெரியவில்லை. முதல் கட்டு சம்பந்தி வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளையின் அக்கா அந்தச் சிவப்புத் தையலைக் கிட்ட வைத்துப் படமெடுத்து, அம்மா கையாலே தைச்ச அடையாளம் என்று ஊரெல்லாம் அனுப்பிவிட்டாள். இப்போது கைவேலைக்குத்தானாம் மதிப்பு. யார் யாரோ அழகு அழகு என்று எழுதியிருக்கிறார்கள். குட்டி அதை வாசித்துக் காட்டினாள், நானும் மண்டை ஆட்டிக்கொண்டு பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். முட்டாள்.

அப்பாவின் சட்டையைக் கடைசியாகத்தான் முடித்தேன், அவருக்கு வயிற்றுப் பக்கம் தழும்பில் உராயக் கூடாதென்று உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போட்டுப் பார்த்தோம். முடித்த உடுப்புகள் எல்லாம் முன்னறையில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்குகின்றன, நான் என் கவுனில், உன் அத்தை அவள் கவுனில், குட்டி ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அப்பா உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், கைமுனைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார், நிலைப்படியில் நின்றார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தன் கைமுனையைப் பார்த்தார். அப்பா சிரிங்கப்பா, கேமராவைப் பாக்காதீங்க என்று குட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனுஷன் திரும்பி உள்ளே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தால் கட்டிலில் வெறும் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார், சட்டை தரையில் கிடக்கிறது. உனக்குத் தெரியும், அவர் வாழ்க்கையில் ஒரு துணியைத் தரையில் போட்டவர் இல்லை. புழுங்குது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார், நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன் என்று. குட்டி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. குட்டி அவரோடு பேசுவதில்லை, டீயைக் கொண்டுபோய் அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு வருகிறாள். அத்தை ஒரு பக்கம், அண்ணன்கிட்ட எதையும் கேக்காம எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணா அவருக்கு ரோஷம் வராதா என்று எண்ணெய் ஊற்றுகிறாள். குட்டி என்னிடம் வந்து, அம்மா நான் என்ன தப்பு பண்ணேன், அவருக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும், பணக்காரங்க மாதிரி பெரிசா செய்யலன்னு அவருக்கு அவமானமா இருக்கா, நான் புல்லு வச்சு கல்யாணம் பண்றது அவருக்குக் கேவலமா என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம், அவருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கல, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாம இப்படிப் பண்றார் என்று முடிவே கட்டிவிட்டாள். அது காதில் விழுந்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். கிடங்குப் பக்கம் உள்ள பாலத்தில் பிடித்து நிறுத்தினேன். கேட்டேன், கத்தினேன், கெஞ்சினேன், கல் மாதிரி நின்றார். கடைசியில் நான் தழும்பு உரசுதா, வேற மாதிரி தச்சுத் தரட்டுமா என்று கேட்டதும் உடைந்துவிட்டார். அந்தத் துணியைப் போட்டுத்தானே என்னைத் தள்ளிட்டுப் போனாங்க என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை, எந்தத் துணி என்று கேட்டேன் பாவி. மூத்தவளே, அது சின்ன ஆபரேஷன், பல்லு புடுங்கற மாதிரி என்று உன்னிடமும் குட்டியிடமும் சொன்னோமே, அது சின்னது இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல இருந்தோம். தியேட்டர் கதவுவரை தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நான் போனேன், அதற்குமேல் என்னை விடவில்லை, அங்கே வேலை செய்கிறவள் என்று சொல்லியும் விடவில்லை. கதவு மூடியதும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். வேறு ஏதோ அவசரக் கேஸ் வந்துவிட்டதாம், உள் வராந்தாவில் ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விட்டார்களாம், ரொம்ப நேரம். குளிராம். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் எதுவும் தெரியவில்லையாம், பார்ப்பதற்குத் தன் கையைத் தவிர வேறொன்றும் இல்லையாம். அந்தக் கைமுனையில ரெண்டு செவப்புத் தையல் இருந்துச்சு, அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன், குட்டி கல்யாணத்தைப் பாக்காம போறேனேன்னு நெனச்சு நெனச்சு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன் என்றார். பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, அவர் ஓரத்துக் கம்பிக் கிராதியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அன்று அவர் உடம்பில் இருந்ததும் நான் தைத்ததாகத்தான் இருந்திருக்கும். நான் அன்று அவர் முகத்தைத்தான் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த உடுப்புக்குள் ஒரு ஆள் பயந்துகொண்டு படுத்திருப்பான் என்று நான் ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லையே அம்மா.

இப்போது சொல், நான் என்ன செய்வது? அவருக்கு மட்டும் வேறு கலரில் ஒரு சட்டை எடுத்துவிடலாம் என்றுதான் உனக்கும் தோன்றும். நானும் அதைத்தான் சொன்னேன். என் சட்டை கெடக்கட்டும், அத்தனை பேரும் அதைப் போட்டுக்கிட்டு என்னைச் சுத்தி நிப்பீங்களே, எனக்கு மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா நான் பாத்தது அப்படித்தான் என்றார். எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றால் வேறு துணிக்கு எங்கே போவேன், நாளும் இல்லை கையிலும் இல்லை, வெட்டித் தைத்த துணியை வியாபாரி திருப்பி எடுக்கவும் மாட்டார். சாயம் போட்டுப் பார்த்தேன், ஒரு துண்டில். அது எத்தனை கொதி கொதித்தாலும் கலர் மாறக் கூடாதென்றே நெய்கிற துணி, சாயம் திட்டுத் திட்டாக ஒட்டியது, பார்க்கச் சகிக்கவில்லை. குட்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் அவளே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு வீட்டு உடுப்போடு கல்யாணம் செய்துகொள்வாள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். அவகிட்ட சொல்லாதே, அவ கல்யாணப் போட்டோவை எப்பப் பாத்தாலும் அவளுக்கும் அதுவே ஞாபகம் வரும், என்னோட போகட்டும் என்றார். பெண் தன்னைத் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லையாம், அவள் போட்டோ கெடக் கூடாதாம். இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது சொல். பெரியவளிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, அந்த ஒரு சந்தில்தான் நான் உன்னிடம் வந்திருக்கிறேன். தங்கச்சியிடம் நீ சொல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லாதே என்று சொல்லவும் வரவில்லை. நீ சொன்னால் அவள் கேட்பாள். உனக்கு என்ன தோன்றுகிறதோ.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் குட்டி ஹாலைப் பார்க்க மாப்பிள்ளையோடு போயிருந்தாள். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் முன்னறைக் கதவு சாத்தியிருக்கிறது. திறந்தால், தொங்குகிற உடுப்புகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு. கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறார். சுற்றிலும் அத்தனை பச்சையும் தோள் தோளாகத் தொங்குகிறது. நெற்றியெல்லாம் வியர்வை, முகம் வெளுத்துக் கிடக்கிறது. கழட்டுங்க, யாருங்க உங்களைப் போடச் சொன்னது என்று ஓடினேன். இரு இரு, பழகிக்கறேன், முந்தாநாளைக்கு இன்னைக்குக் கொஞ்சம் பரவால்ல என்றார். நான் பார்க்காத வேளையாகப் பார்த்துத் தினமும் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாராம். நல்ல பிள்ளைகள் பாடம் படிக்கிற மாதிரி. வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம், சொல்லிவிட்டு அன்றைக்கு முடியாமல் போய்விட்டால் குட்டி முன்னால் அசிங்கமாகிவிடுமாம். தொடர்ந்து பழகினால் போட்டோ எடுக்கிற நேரம்வரையாவது தாங்கிவிடுவேனா என்று என்னிடமே கேட்கிறார். நான் என்ன டாக்டரா? தாங்கிடுவீங்க என்றேன். தாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. அவரை நிறுத்தவும் எனக்கு மனசில்லை, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. கையைக் குடு, அன்னிக்குத்தான் கதவுக்கு அந்தப் பக்கமே உன்னை நிறுத்திட்டாங்க என்றார். பையைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கொடுத்தேன். ஜில்லென்று இருந்தது. படியில் குட்டியின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாகச் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, பின்னறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் வந்து டீயை டொக்கென்று வைத்தாள். நான் அடுப்படியில் நின்று தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

சாப்பாட்டு வேளை முடியப் போகிறது, ஆட்கள் வருகிற பேச்சுக் கேட்கிறது. உன் புது வேலையில் லீவு கேட்டு வம்பை விலைக்கு வாங்கிக்கொள்ளாதே, நீ வர முடியாததற்கு யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. ஈரத் தலையோடு தூங்காதே. உன் வீட்டுக்காரரை முறைத்துக்கொண்டே இருக்காதே, அவரும் பாவம். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வருஷம் சேர்ந்து வாழ வேண்டும், அம்மா அப்பாவின் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் செய். கல்யாணத்தன்று நீ ஃபோனில் வருவதை ஹாலில் வெள்ளைச் சுவர்மேல் பெரிசாகப் போட்டுக் காட்டப் போகிறார்களாம், மாப்பிள்ளை அதற்கு மெஷின் இரவல் வாங்கியிருக்கிறார். உன் அளவுக்கும் ஒரு பச்சைக் கவுன் தைத்துப் போன வாரமே தபாலில் போட்டுவிட்டேன், அப்போது எனக்கு எதுவும் தெரியாது. அதைப் போட்டுக்கொள்ளாதே அம்மா. மஞ்சளோ ஊதாவோ, உன்னிடம் இருப்பதிலேயே பளிச்சென்று கண்ணைப் பறிக்கிறதாக ஒன்றைப் போட்டுக்கொள். குட்டி கேட்டால் தபால் வந்து சேரவில்லை என்று சொல்லிவிடு, திட்டினால் வாங்கிக்கொள். கடைசிவரை சுவரை விட்டுப் போகாமல் நில். அவரால் தாங்க முடியாமல் போகிற நேரத்தில் அப்பா தலையைத் தூக்கிப் பார்க்க வேறு ஒரு இடம் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா